அலையின் வலது ஓரம்

நான் முன்பு இருந்த ஓவியப் பட்டறையில் இப்போது வேலை பார்க்கும் பவித்ரா போன வாரம் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டரே வரைந்த அலை. யாரோ ஒரு வாடிக்கையாளர் அதைக் கொடுத்து, இதை அப்படியே கேன்வாஸில் கையால் வரைந்து தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "அக்கா, பாக்க அம்புட்டு அழகா இருக்கு. ஆனா வரைய உக்காந்தா என்னமோ இடிக்குது. என்னன்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள்.

பார்த்தேன். நுரை பிரமாதம். நான் இருந்த காலத்தில் அந்தக் கம்ப்யூட்டர் வேலை கேட்டு வந்திருந்தால் நுரைக்கு மட்டும் சேர்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அலையின் அடி முதல் உச்சி வரைக்கும் ஒரே பச்சை, கண்ணாடி வளையலை வெயிலில் பிடித்த மாதிரி. அடியில் தண்ணீர் கனமாக இருக்கும். அங்கே வெளிச்சம் நுழையாது. உச்சியில், தண்ணீர் மெலிந்து வளைகிற இடத்தில் மட்டும்தான் பின்னாலிருந்து வரும் வெயில் ஊடுருவிப் பச்சை தெரியும். "அடியை இருட்டாக்கு, மிச்சம் தானா வந்துரும்" என்றேன். சொன்னபடி செய்து மறுநாளே படம் அனுப்பினாள். வந்துவிட்டது.

"இதெல்லாம் எப்படிக்கா கத்துக்கிட்டீங்க, எழுதி வைங்களேன்" என்றாள். வலது தோள் மேலே தூக்க முடியாமல் போனதால் ஓய்வுக்கு வந்தவள் நான். எழுதுவதற்குத் தோள் வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் எரியோடு. அப்பா தக்காளியும் முருங்கையும் போட்டவர். லோயர், ஹையர் என்று ஓவியப் பரீட்சை இரண்டும் பாஸ் பண்ணிவிட்டு டிராயிங் டீச்சர் வேலைக்குக் காத்திருந்தேன். அது வருகிற வழியாக இல்லை. திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் ஒருவர் கையால் வரைந்த படங்களை ஓட்டல்களுக்கும் வெளிநாட்டுக் கடைகளுக்கும் அனுப்புகிறார், பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறார் என்று கூடப் படித்தவள் சொன்னாள். போய்ப் பார்த்தேன். தோல் பதனிடுகிற, மூடிப்போன ஷாப் ஒன்றின் கொட்டகை அது. அவர்கள் குடும்பமே தோல் வியாபாரக் குடும்பம். தோலை இழுத்துக் கட்டிக் காயவைக்கும் பெரிய மரச்சட்டங்கள் சும்மா கிடந்ததால் அவற்றிலேயே கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டி வரைய ஆரம்பித்திருந்தார் அவர். சுவரில் தோல் வாடை இருந்தது. டர்பன்டைன் வாடையோடு சேர்ந்து அது ஒரு தனி வாடை. முதல் வாரம் தலைவலி. அப்புறம் அந்த வாடை இல்லாத இடத்தில்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

சிக்கந்தர் பாய் என்று ஊரே அவரைக் கூப்பிட்டது. நாங்களும் பாய் என்றே கூப்பிட்டோம். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை. ஆயில் கலருக்கு நடுவில் நாள் முழுக்க நின்றும் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு விழுந்து நான் பார்த்ததில்லை. கத்தமாட்டார். நன்றாக இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு சின்னக் கண்ணாடியைத் தோளுக்கு மேலே பிடித்து, அதற்குள் படத்தைப் பார்ப்பார். இடம் வலமாக மாறித் தெரியும்போது கோணல் எல்லாம் தெரிந்துவிடும். பிறகு திரும்பி, "செத்த தள்ளிக்கம்மா" என்பார். கையில் டர்பன்டைன் நனைத்த துணி இருக்கும். ஒரே இழுப்பு. நாம் அன்றைக்கு முழுக்க ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்த இடம் எதுவோ, அதுதான் போகும்.

முதல் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நல்லாத்தான பாய் இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருந்துச்சும்மா. அதான் தொல்லை. கண்ணு அங்கயே நின்னுக்கிச்சு, மத்த கடல் எல்லாம் சும்மா கெடக்கு" என்றார்.

ஒரு வருடம் வானம் மட்டும். அடுத்த வருடம் தூரத்துக் கடல். துணிக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்ப்பதை என் கை தூக்கத்தில்கூடச் செய்தது. அலைக்கு வரும்போது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அலை என்றால் எல்லோரும் கேட்கும் கேள்வி, கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு எப்படி என்பதுதான். கடலைப் பார்க்காமல் இல்லை. ராமேஸ்வரம் போயிருக்கிறேன், திருச்செந்தூர் போயிருக்கிறேன். அங்கே வந்த அலை முழங்காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. நாங்கள் வரைய வேண்டியதோ மூன்று மாடி, நாலு மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் அலை. அதை நேரில் பார்த்தவர்கள் நம்மூரில் எத்தனை பேர்? போட்டோவை வைத்துக் கட்டம் போட்டு வரைந்தோம். வடிவம் வந்தது, தண்ணீர் வரவில்லை. சுவர் மாதிரி நின்றது.

ஐப்பசி மழைக்கு ஆத்தூர் அணை நிறைந்து மறுகால் பாய்ந்தபோது பாய் எங்கள் எல்லோரையும் வேனில் கூட்டிப் போனார். பிக்னிக் என்று நினைத்து நாங்கள் புளிச்சோறும் வெஞ்சனமும் கட்டிக்கொண்டு போனோம். அவர் எங்களைத் தண்ணீர் விழுகிற பக்கம், வெயிலுக்கு எதிரே பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டார். "எங்க பச்சை, எங்க கறுப்பு, எங்க வெள்ளை. அது மட்டும் பாருங்க. பேசக்கூடாது." நின்றோம். தண்ணீர் அணைச்சுவரின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் மெலிந்து வளைந்தது. அந்த வளைவில் மட்டும் வெயில் புகுந்து இளம் வாழைக்குருத்து நிறம். அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி இறங்கி, கீழே மோதி வெள்ளையாகச் சிதறியது. அந்த வெள்ளைக்கு இந்தப் பக்கம், எங்கள் காலடியில் தேங்கி நின்ற தண்ணீரோ கறுப்பு. உயரத்தை மறந்துவிட்டால் நான் போட்டோவில் பார்த்த அலை அதுதான். புளிச்சோற்றை வேனில் வரும்போதுதான் சாப்பிட்டோம். அடுத்த மாதத்திலிருந்து என் அலைகளைப் பாய் துடைப்பது குறைந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாய் உருவம் வரையமாட்டார். மனிதர், மிருகம், பறவை எதுவும் இல்லை. அது அவர் வீட்டு வழக்கம். யாருக்கும் அதைப் பற்றிப் பாடம் எடுத்ததும் இல்லை. அதனால்தான் பட்டறையில் மலையும் காடும் கடலுமாகவே ஓடிக்கொண்டிருந்தது. பெரிய அலையில் பலகை வைத்துச் சறுக்குகிற ஆட்களோடு படம் வேண்டும் என்று வெளிநாட்டுக் கடை ஒன்று கேட்டபோது, வேண்டாம் என்று எழுதிவிடப் போனார்.

"நான் போடுறேன் பாய்" என்றேன்.

யோசித்தார். "அலை என் பொறுப்பு, ஆளு உன் பொறுப்பு" என்றார். அப்படியே வைத்துக்கொண்டோம். பெரிய படங்களில் முக்கியமான அலையை அவர் முடிப்பார். ஆள் வர வேண்டிய இடத்தை மட்டும் ஒன்றும் தீட்டாமல் விட்டுவிடுவார். நான் அந்த இடத்தில் உட்காரும்போது டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். ஆள் வரைவதில் நான் முதலில் தலையையோ கையையோ போடமாட்டேன். பலகை தண்ணீரைக் கிழித்து வந்த வெள்ளைக் கோடு முதலில். அந்தக் கோடு ஒழுங்காக வந்துவிட்டால் ஆள் எங்கே, எந்தப் பக்கம் சாய்ந்து, எந்தக் காலில் பாரம் வைத்து நிற்கிறார் என்பதை அதுவே சொல்லிவிடும். முகத்துக்கு இடமே இருக்காது. நெல்லுமணி அளவுதான் தலை. எந்தெந்த நாட்டுச் சுவர்களிலோ என் ஆட்கள் இன்றைக்கும் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ரோஸ்லின் என்று ஒரு பிள்ளை படம் கேட்டு வந்த கதைக்கு வருகிறேன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. அப்பா மீன்பிடிப்பவர். ஊருக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களிடம் சின்னப் பிள்ளையிலேயே பலகை ஓட்டக் கற்று, பிறகு தானே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தவள். அவள் திறமையைப் பார்த்துப் போர்ச்சுகல் நாட்டுக்கு ஒரு குழு கூட்டிப்போயிருந்தது. அங்கே குளிர்காலத்தில் வரும் ராட்சத அலையில், தண்ணீர் ஸ்கூட்டரில் கயிறு கட்டி இழுத்துவிட, அவள் ஒரு பெரிய அலையில் சறுக்கி வந்திருக்கிறாள். குன்றின் மேலிருந்து ஒருவர் எடுத்த போட்டோவோடு பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்தாள். கறுத்து மெலிந்த பிள்ளை. உட்காரச் சொன்னாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"வீடியோ இருக்குக்கா. ஆனா அப்பா பாக்க மாட்டேங்காரு. போனை நீட்டினா எந்திரிச்சுப் போயிருதாரு. படமா சுவத்துல மாட்டிட்டா பாத்துத்தான ஆகணும்?"

"ஏன் பாக்க மாட்டேங்குறாரு?"

"சித்தப்பாவ அலைதான் கொண்டு போச்சு. ரெண்டு பேரும் ஒரே வள்ளத்துலதான் போனாங்க. கரைக்குப் பக்கத்துலயே கவுந்திருச்சு. அப்பா மட்டும் நீந்தி வந்தாரு." சொல்லிவிட்டு, "நான் திரும்ப அங்க போகணும்க்கா. வர்ற குளிருக்குக் கூப்பிட்டிருக்காங்க. போகாதன்னு அப்பா சொல்லல. பேசவே மாட்டேங்காரு. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

போட்டோவைப் பார்த்த பாய் கண்ணாடியை எடுக்கவே இல்லை. நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு அலை. படம் முழுக்க அலை மட்டும். வானம்கூட ஒரு கீற்றுதான். இடது பக்கம் வெள்ளையாக இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. நடுவில், கீழே, அந்தப் பெண். வலது ஓரத்தில் அலையின் உதடு, மேல்விளிம்பை அப்படித்தான் சொல்வோம், எழுந்து வளையத் தொடங்கியிருக்கிறது. அந்த உதட்டைத் தானே வரைய வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டார்.

ஆளை விட உயரமான கேன்வாஸ். ஏணி போட்டு வேலை செய்தோம். அடியில் நீலமும் கரும்பழுப்பும் கலந்த இருட்டு. அதன்மேல் மெல்ல மெல்லப் பச்சை ஏறியது. அலை எழும்போது பழைய நுரையைத் தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு போகும். அந்த நுரைக்கோடுகள் அலையின் முதுகெலும்பு மாதிரி. அவை ஒவ்வொன்றும் மேல்நோக்கி வளைய வேண்டும். ஒன்று தப்பினாலும் தண்ணீர் சரிந்துவிடும். எல்லாம் முடிந்து பாய் வலது ஓரத்து உதட்டை வரைந்தார். அதுவரை அவர் வரைந்ததில் அதுதான் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். கொட்டகையில் அதன் கீழே நின்றால் தலையைக் குனியத் தோன்றும். கடைசியாக நான் ரோஸ்லினைப் போட்டேன். முழங்கால் மடங்கி, இடது கை சற்றே உயர்ந்து, வெள்ளைக் கோட்டின் நுனியில்.

அவள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மினி வேனில் ஏற்றி அனுப்பினோம்.

நாலைந்து நாள் கழித்துப் போன் வந்தது. "அக்கா, அப்பா படத்தைச் சுவத்தப் பாக்கத் திருப்பி வச்சிட்டாரு" என்றாள்.

படத்தைப் பார்த்தவர் ரொம்ப நேரம் நின்றிருக்கிறார். பிறகுதான் பல நாளாகப் பேசாதவர் பேசியிருக்கிறார். "ஏட்டி, இதுக்குள்ள இருந்து நீ எப்படி வெளிய வந்த?" என்று கேட்டாராம்.

"வந்துட்டம்லாப்பா. ஒங்க முன்னாலதான நிக்கேன்" என்றிருக்கிறாள் இவள்.

"நீ நிக்க. படத்துல இருக்கவ வரலியே" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பி வைத்துவிட்டாராம். பிறகு சோறும் சரியாகத் தின்பதில்லை. முன்பு பேசாமல் இருந்தவர், இப்போது நேராகவே போகக்கூடாது என்கிறார்.

படத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அதே மினி வேனில் திரும்பி வந்தது. வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் கண்ணோடு இல்லை, வரைந்தவள் கண்ணோடும் இல்லை. என் மகள் அந்தப் பலகைமேல் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் இடிந்து விழுகிறது. வலது பக்கம் உதடு வளைந்து வருகிறது. நடுவில் பிள்ளை. அவள் போக இடமே இல்லை. இரண்டு பக்கமும் கதவை அடைத்த மாதிரி இருந்தது.

பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"போட்டோல உள்ளதத்தானம்மா போட்டோம்" என்றார்.

"ஆமா பாய். போட்டோல அம்புட்டுத்தான் இருக்கு. ஆனா கடல் அதோட முடிஞ்சிருக்காதுல்ல?"

ரோஸ்லின் போனிலிருந்த வீடியோவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாகப் பார்த்தோம். கை நடுங்கி நடுங்கி எடுத்தது. போட்டோ எடுத்த அதே நொடி வருகிறது. அதற்குப் பிறகு அவள் வலது பக்கமாகவே சறுக்கிப் போகிறாள். போட்டோவில் கொஞ்சம் தெரிந்த அந்த உதடு அதற்கு மேல் வளையவே இல்லை. அதைத் தாண்டி அலை சாய்ந்து, தோள் மாதிரி இறங்கி, தட்டையான தண்ணீரில் போய்க் கரைந்துவிடுகிறது. அவள் அந்தத் தோள்மேல் ஏறி அந்தப் பக்கம் மறைகிறாள். செத்த நேரத்தில் பின்னால் தலை தெரிகிறது, கை தூக்கி ஆட்டுகிறாள்.

"அங்க ஆழம்க்கா. ஆழமான எடத்துல அலை ஒடையாது. அந்த எடத்தப் பாத்துத்தான் நாங்க எறங்குவோம்" என்றாள் ரோஸ்லின்.

"அதத்தான் ஒங்கப்பாவுக்குக் காட்டணும்" என்றேன்.

பாய் புதுக் கேன்வாஸ் எடுத்து முழுசாக மறுபடி வரையலாம் என்றார். எனக்குச் சம்மதமில்லை. அந்த அகலம் முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தால் அலை பாதியாகச் சுருங்கிவிடும். "பாய், இந்த அலை இப்படியே இருக்கணும். பயமாத்தான் இருக்கணும். வலது பக்கம் இன்னொரு கேன்வாஸ் சேத்து வழிய மட்டும் போடுவோம்."

"ஒட்டுப்போட்ட படம் இந்தப் பட்டறையிலருந்து போனதில்ல ஜோதிம்மா."

"ஒட்டுத் தெரிஞ்சா தெரியட்டும் பாய். அந்த மனுசன் ஒட்டப் பாக்கப் போறதில்ல."

"அந்த உதட்ட என்ன செய்ய? அது இருக்கிற வரைக்கும் வழி அடைச்சுத்தான் தெரியும்" என்றார்.

உதடு அவர் கை வேலை. அதை என்ன செய்வதென்று நான் சொல்லக்கூடாது. அவர் தொழுகைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை எரியோட்டு பஸ்ஸை விட்டு இறங்கி நான் பட்டறைக்குள் நுழைந்தபோது பாய் எனக்கு முன்னால் வந்திருந்தார். முதல் படத்தின் அதே உயரத்துக்கு, பாதி அகலத்தில், ஒரு சட்டத்தில் துணி இழுத்துக் கட்டி முதல் பூச்சும் அடித்தாகிவிட்டது. முதல் படத்தின் வலது ஓரத்தில் உப்புத்தாளோடு நின்றுகொண்டிருந்தார். காய்ந்துபோன ஆயில் கலரைத் துணியால் துடைக்க முடியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் பச்சைத்தூள். வெள்ளைச் சட்டையிலும் தூள்.

"செத்த தள்ளிக்கம்மா, தூசி பறக்குது" என்றார்.

ஒட்டு வேலையில் பெரிய சிரமம் நிறம். ஆயில் கலர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம். காய்ந்த பச்சைக்குப் பக்கத்தில் ஈரப் பச்சையை வைத்து ஒத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். இதைப் படிக்கும் பிள்ளைகள் இந்த ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பழைய படத்தில் சேர வேண்டிய ஓரத்தில் லேசாக லின்சீட் எண்ணெய் தடவுங்கள். காய்ந்த கலர் மறுபடி ஈரமாகத் தெரியும். அதோடு ஒப்பிட்டுப் புதுக் கலரைக் கலந்துகொள்ளுங்கள். அப்படித்தான் ஓரம் ஓரமாகச் சேர்த்துக்கொண்டு போனோம். அலையின் முதுகு சரிந்து இறங்க இறங்கப் பச்சை மங்கிச் சாம்பல் ஆகும். நுரைக்கோடுகள் வளைவை விட்டுப் படுத்துக்கொள்ளும். பாய் இந்தத் தடவை எதையும் துடைக்கவில்லை. என்னையும் துடைக்க விடவில்லை. கடைசி ஓரத்தில் ஒன்றுமே நடக்காத தண்ணீர். எழுந்து நிற்கும் அலையை வரைவதைவிட அந்தச் சும்மா கிடக்கும் தண்ணீரை வரைய எங்களுக்கு நாள் பிடித்தது. பார்த்தவுடன் மூச்சு விடத் தோன்ற வேண்டும் அல்லவா?

படம் முடிந்ததும் ரோஸ்லினுக்குச் சொன்னேன். முன்பு மாதிரி வேனில் அனுப்ப வேண்டாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். இன்னொரு தடவை அந்தப் படம் வீட்டுக்குள் வருவதை அவர் விரும்பவில்லை போல. பார்க்காமல் உள்ளே விடமாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் போல வந்தார்கள். சேசையா என்று பெயர். அகலமான தோள், கட்டை விரல்கள், சலவை மடிப்புக் கலையாத சட்டை. வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் பாய்.

"இருக்கட்டும் பாய். பாத்துருதேன்."

உள்ளே கூட்டிப்போனோம். இரண்டு கேன்வாஸையும் பின்னால் கட்டை வைத்து ஆணியடித்துச் சேர்த்து நிறுத்தியிருந்தோம். மோர் டம்ளரைப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இடது ஓரத்தில் ஆரம்பித்தார். இடிந்து விழும் வெள்ளைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். மற்ற பிள்ளைகளும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு மெதுவாக ஓர் அடி நகர்ந்தார். ரோஸ்லினுக்கு நேரே வந்ததும் நின்றார். அவளோடு கூடவே நடக்கிற மாதிரி, அவள் போகும் பக்கமாகவே அடி அடியாக வலது பக்கம் போனார். ஒட்டைத் தாண்டினார். அலையின் தோள் இறங்கும் இடத்தில் அவர் தோளும் இறங்கியதைப் பார்த்தேன்.

கடைசியில், சும்மா கிடக்கும் தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டு, திரும்பாமலே கேட்டார்: "இங்கன ஆழமா?"

"ஆமாப்பா. ஆழம். அங்கன ஒடையாது" என்றாள் ரோஸ்லின். அவள் வாசல் பக்கம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஸ்கூட்டர்காரன் எங்கன நிப்பான்?"

"நீங்க நிக்கிற எடத்துலதாம்ப்பா."

அவர் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி நடுப்படத்துக்கு வந்து குனிந்து மகளைத் தேடினார். கண்டுபிடித்ததும் விரலை அவள் பக்கத்தில் கொண்டுபோனார், தொடவில்லை.

"இம்புட்டுக்காணுதானா எம்பிள்ள?" என்றார். என்னைப் பார்த்து, "ஏம்மா, இவளக் கொஞ்சம் பெரிசாப் போடக்கூடாதா? சனத்துக்கு அடையாளம் தெரியாண்டாமா?"

பாய் என்னைப் பார்த்தார். ஆள் என் பொறுப்பு.

"போடலாம்ணே. ஒரு மணி நேர வேலை" என்றேன். "ஆனா ஒண்ணு இருக்கு. இந்த அலை எம்புட்டு உசரம்னு பாக்கிறவங்களுக்குச் சொல்றதே ஒங்க பொண்ணுதான். பக்கத்துல வேற ஒண்ணும் இல்ல பாருங்க, மரம் இல்ல, வீடு இல்ல. அவளப் பெருசாக்கினா அலை சின்னதாயிரும்."

அவர் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் படத்தை, இந்த முறை கழுத்தை நிமிர்த்தி, உச்சி வரைக்கும் பார்த்தார்.

"அப்படின்னா வேண்டாம்" என்றார். "அலை அப்படியே கெடக்கட்டும்."

ஸ்டூலிலிருந்த மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் மகளைக் கூப்பிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும், எரிச்சலாகக் கேட்பது போலக் கேட்டார்: "ஏட்டி, அந்தக் குளுருக்குள்ள நீ என்னத்த உடுத்திக்கிட்டு எறங்குத?"

ரோஸ்லின் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கையால் இழுத்துக் காட்டி, "ரப்பர் உடுப்புப்பா" என்றாள். பாய் தன் சின்னக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் போனாள். வழியனுப்ப விமான நிலையம் வரைக்கும் சேசையா அண்ணன் வந்தார் என்றும், தேங்காய் எண்ணெயும் கருவாடும் கொண்டுபோகச் சொல்லி அடம்பிடித்தார் என்றும் அவளே சொன்னாள். அவள் திரும்பி வந்த மறுவாரம் எனக்கு ஒரு போன். பேசியது அவர்தான். அதுவரை எனக்கு அவர் போன் செய்ததே இல்லை.

"எம்மா, வந்துட்டா. நல்லா இருக்கா" என்றார்.

"ரொம்ப சந்தோசம்ணே."

போனை வைக்கவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா இந்த வருசம் அங்க அலையே சரியா வரலியாம், எம்மா. ஒரு மாசம் பூரா சும்மா உக்காந்து, தின்னு, ஒறங்கிட்டு வந்திருக்கா. அம்புட்டுத் தொலைக்குப் போயி."

ஏமாற்றம் தாங்க முடியவில்லை அவருக்கு.